மானிட்டர் கேபிள்கள்: அனலாக்கையும் டிஜிட்டலையும் அடையாளம் கண்டு இணைப்பது எப்படி?

கேபிள் பொருந்திவிட்டது, இரு பக்கமும் மின்சாரம் இருக்கிறது, ஆனாலும் திரையில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்துகள் மட்டும் மிதந்துகொண்டிருக்கின்றன. கணினியுடன் மானிட்டரை முதன்முதலாக இணைப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் நிலை இது. முனையும் துளையும் வடிவத்தில் ஒத்துப்போனால் உள்ளே ஓடும் சமிக்ஞையும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

படி 1: துளைகளைப் பாருங்கள்

கணினியையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு, இரண்டின் பின்புறத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்கான படத்தை உருவாக்கும் அட்டை) இருந்தால், யூஎஸ்பி துளைகளை ஒட்டி இருப்பவை மதர்போர்டுக்கு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகைக்கு) உரியவை. அவற்றிலிருந்து விலகித் தனிப் பட்டையில் இருப்பவை கார்டுக்கு உரியவை. மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் படம் வராமலே போகலாம். வந்தாலும் கார்டுக்குக் கொடுத்த பணத்துக்குரிய பலன் முழுமையாகக் கிடைக்காது.

படி 2: அனலாக்கா, டிஜிட்டலா?

படத்தை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்புவது அனலாக், எண்களாக அனுப்புவது டிஜிட்டல். மூன்று வரிசையில் 15 பின்கள், இரு பக்கமும் திருகுகள், பெரும்பாலும் நீல நிறம் என்று இருந்தால் அது விஜிஏ. ஐபிஎம் நிறுவனம் 1987-இல் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் அறிமுகப்படுத்திய இந்த இணைப்பு முழுக்க அனலாக் வகையைச் சேர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாகத் தனித்தனிக் கம்பிகளில் செல்கின்றன. கணினிக்குள் எண்களாக இருந்த படம் மின்னழுத்தமாக மாறி, எல்சிடி மானிட்டருக்குள் மறுபடியும் எண்களாக மாறுவதால், எழுத்துகளின் விளிம்பு சற்று மங்குவதற்கு இடமுண்டு. முனையில் ஒரு பின் குறைந்தால் உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். பல கேபிள்களில் ஒன்பதாவது பின்னை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள்.

அதிகம் குழப்புவது 1999-இல் வந்த டிவிஐ. ஒரே பெயரில் இது மூன்று வகைப்படும்: டிவிஐ-ஏ அனலாக், டிவிஐ-டி டிஜிட்டல், டிவிஐ-ஐ இரண்டும். முனையின் ஒரு ஓரத்தில் தட்டையான தகடு ஒன்று தெரியும். அதைச் சுற்றி நான்கு சிறு பின்கள் இருந்தால் அனலாக் சமிக்ஞைக்கும் வழி உண்டு. தகடு மட்டும் தனியே நின்றால் அது டிவிஐ-டி. அந்த நான்கு பின்களுக்கு டிவிஐ-டி துளையில் இடமில்லாததால் டிவிஐ-ஐ கேபிள் அதில் நுழையாது. அழுத்திப் பார்த்தால் பின்கள் வளைவதுதான் மிச்சம். டிஜிட்டல் பின்களின் நடுவில் ஆறு இடங்கள் காலியாக இருந்தால் அது ஒற்றை இணைப்பு. 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும்போது) 1920×1200 புள்ளிகள் வரைதான் அதில் போக முடியும். இரட்டை இணைப்பு 2560×1600 வரை போகும்.

ஹெச்டிஎம்ஐயும், ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்ட டிஸ்ப்ளேபோர்ட்டும் டிஜிட்டல் இணைப்புகள். படத்தோடு ஒலியையும் கொண்டு செல்பவை. யூஎஸ்பி-சி துளை மட்டும் பார்வைக்குப் பிடி கொடுக்காது, ஏனெனில் எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் படம் அனுப்புவதில்லை. மின்னேற்றத்துக்கென்று கொடுக்கப்படும் கேபிள்களில் பெரும்பாலானவையும் படத்தைக் கடத்துவதில்லை. கருவியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வதே வழி.

படி 3: அடாப்டர் தேவையா?

இரு பக்கமும் ஒரே வகைத் துளை இருந்தால் நேரடிக் கேபிளே நல்லது. டிவிஐ-டியும் ஹெச்டிஎம்ஐயும் ஒரே முறையில் படச் சமிக்ஞையை அனுப்புவதால், அவற்றுக்கு இடையே சாதாரண அடாப்டர் போதும். ஒரு பக்கம் டிஜிட்டல், மறுபக்கம் விஜிஏ என்றால் உள்ளே மின்சுற்று கொண்ட மாற்றி தேவை, அதுவும் ஒரே திசையில்தான் வேலை செய்யும். கணினியில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ என்ற நிலைக்காகச் செய்யப்பட்ட மாற்றியைத் திருப்பிப் போட்டால் பயனில்லை. திசை பார்க்காமல் நான் வாங்கிய ஒன்று இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான கேபிள்களும் இப்படித்தான்: கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் மட்டுமே உதவும்.

படி 4: இணைத்து, அமையுங்கள்

விஜிஏ, டிவிஐ முனைகளின் திருகுகளை விரலால் முடுக்கினாலே போதும். பின்னர் மானிட்டரின் பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துளையையே ‘இன்புட்’ பட்டியலில் தேர்ந்தெடுங்கள். படம் வந்ததும் கணினியின் திரை அமைப்புகளில், மானிட்டருக்கு இயல்பான தெளிவுத்திறனையும் (புள்ளிகளின் எண்ணிக்கை) புதுப்பிப்பு வீதத்தையும் (ஹெர்ட்ஸ்) சரிபாருங்கள். 4கே (3840×2160 புள்ளிகள்) மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் தெரியாமல் 30 மட்டுமே தெரிந்தால், வழியில் எங்கோ பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 இருக்கக்கூடும்; 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் முழு வண்ணத்தோடு அனுப்ப ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும்.

படி 5: கோளாற்றைப் படியுங்கள்

அனலாக் இணைப்பு கெடும்போது மெல்ல மெல்லக் கெடும்: எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், ஒரு நிறத்தின் கம்பி விட்டுப்போனால் திரை முழுதும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாறும். வெறும் மங்கல் என்றால் மானிட்டரில் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ கொடுத்துப் பாருங்கள். டிஜிட்டலில் இந்த இடைநிலைகள் இல்லை. படம் துல்லியமாக இருக்கும், அல்லது பொடிப்பொடியாகப் புள்ளிகள் மின்னும், அல்லது சில விநாடிகளுக்குத் திரையே கறுத்துவிடும். அப்போது புதுப்பிப்பு வீதத்தைப் பாதியாகக் குறையுங்கள். படம் நிலைத்துவிட்டால், அதிக வேகத்தைத் தாங்காத கேபிள்தான் முதல் சந்தேகத்துக்கு உரியது. அதைவிட நீளம் குறைந்த ஒன்றை மாற்றிப் பாருங்கள்; டிஸ்ப்ளேபோர்ட் முனையாக இருந்தால், கழற்றுவதற்கு முன் அதன் மேலுள்ள பொத்தானை அழுத்திக் கொக்கியை விடுவிக்க மறந்துவிடாதீர்கள்.