ஊர்த் தியேட்டருக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் பக்கத்து ஊர்த் தியேட்டர் ஒன்றில் மாலைக் காட்சி பார்க்கப் போயிருந்தேன். பின்னணி இசை காதைப் பிளந்தது. ஆனால் பேசுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள், முன்வரிசையில் கத்தினார்கள். பத்து நிமிடமாகியும் யாரும் எழுந்து போகவில்லை. நான் படியேறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினேன். அறுபது வயது இருக்கும் அவருக்கு. வசனம் கேட்கவில்லை என்றதும், “இங்கே நன்றாகத்தானே கேட்கிறது தம்பி” என்று சுவரில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரைக் காட்டினார். பிறகு வெளியே வந்து, பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் காதுகொடுத்தார். முகம் மாறிவிட்டது. திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயர் அணைந்து கிடந்திருக்கிறது. இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

சிறிய தியேட்டரில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான்: குறை தெரிந்தும் உரியவரிடம் போய்ச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். இசையும் மற்ற ஒலிகளும் இடவலப் பக்கங்களிலும் சுற்றுச்சுவர்களிலும் பரவும். அதனால் நடு ஸ்பீக்கர் நின்றுபோனாலும் படம் சத்தமாகவே ஓடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கும் ஆபரேட்டருக்கு அரங்கில் நடப்பது யாராவது சொன்னால்தான் தெரியும். இடைவேளை வரை காத்திருக்காதீர்கள். “படம் சரியில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், வசனம் கேட்கவில்லை, நடிகர்களின் தலை வெட்டுப்படுகிறது, இடது ஓரம் மங்கலாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவதால் அன்று படம் பார்த்த முந்நூறு பேருக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்தது இருக்கை. விலை கூடிய டிக்கெட்தான் நல்ல இடம் என்று நினைத்துவிடுகிறோம். பழைய அரங்குகளில் பால்கனிக்கு அடியில் வரும் கடைசி வரிசைகளில் தலைக்கு மேல் கூரை தாழ்ந்திருப்பதால் ஒலி அடைத்தாற்போல் கேட்கும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவாக உட்காருங்கள். ஒலி அளவைச் சரிபார்ப்பதே அந்த இடத்தை வைத்துத்தான். முப்பரிமாணப் படங்களுக்காக வெள்ளித்திரை மாட்டிய அரங்கு என்றால் ஓர இருக்கைகளைத் தவிர்ப்பது இன்னும் முக்கியம். அந்தத் திரை நடுவில் இருப்பவருக்குப் பளிச்சென்றும் பக்கவாட்டில் இருப்பவருக்கு மங்கலாகவும் தெரியும். பல ஊர்களில் டிக்கெட்டில் இருக்கை எண் இருக்காது, முந்தியவருக்கே இடம். கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

செல்பேசிச் செயலியை மட்டும் நம்பிக் கிளம்புவதும் தவறு. சில தியேட்டர்கள் அதில் இருக்கவே இருக்காது. இருந்தாலும், வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்ததும் காட்சி நேரம் மாறிப்போயிருக்கும். ஆள் மிகக் குறைவாக இருந்தால் காட்சியையே ரத்து செய்துவிடுவார்கள். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கவுன்டரில் வாங்கினால் இணையக் கட்டணமும் மிச்சம்.

முதல் நாள் காட்சி தாமதமானால் டிக்கெட் கொடுப்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். படம் இப்போது பூட்டிய கோப்பாகத்தான் வருகிறது. அதைத் திறக்கும் மின்னணுச் சாவி தனியாக அனுப்பப்படும். அது அந்தத் தியேட்டரின் கருவியில், குறித்த நாட்களில் மட்டும்தான் வேலை செய்யும். சாவி வரவில்லை என்றால் உரிமையாளரும் நம்மைப்போலக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

தின்பண்டத்தைப் பைக்குள் ஒளித்து எடுத்துப்போவது நம் வீடுகளில் சகஜம். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியது. குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் அதோடு சொன்னது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். புதுப்படத்தின் முதல் வார வசூலில் பெரும்பகுதி விநியோகஸ்தருக்குப் போய்விடுகிறது. மின்கட்டணத்துக்கும் சம்பளத்துக்கும் கேன்டீனும் வண்டி ஸ்டாண்டும்தான் கைகொடுக்கின்றன. அங்கே ஒரு முறுக்கும் டீயும் வாங்கிச் சாப்பிடுவது அந்தக் கட்டடத்துக்கு நேரடி உதவி. வாரங்கள் செல்லச் செல்லத் தியேட்டரின் பங்கு கூடும் என்பதால், கூட்டம் குறைந்த இரண்டாம் வாரத்தில் போவது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

வாசலில் நிற்பவர் தெரிந்தவர் என்பதற்காக, ‘ஏ’ சான்றிதழ் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், “விட்டுவிடுங்கள் அண்ணே” என்று கெஞ்சாதீர்கள். பதினெட்டு வயது ஆகாதவரை உள்ளே விட்டால் சிக்கிக்கொள்வது அவரும் உரிமையாளரும்தான். ‘யு/ஏ’ படங்களுக்கு இப்போது 7, 13, 16 என்று வயது குறிப்பிடுகிறார்கள். பெற்றோரின் வழிகாட்டலுக்கான குறிப்பு அது; போஸ்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நாயகன் அறிமுகக் காட்சியைப் போனில் பதிவு செய்வதை அறவே விட்டுவிடுங்கள். 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி திருட்டுத்தனமாகப் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது மூன்று லட்ச ரூபாய் அபராதம்.

இரண்டாம் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கடைசி பஸ்ஸை விசாரிக்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். பத்தரைக்குத் தொடங்கும் படம் முடிய ஒன்றேகால் கூட ஆகலாம். ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவரைக் கேளுங்கள்; எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள், அப்போது எந்தப் பக்கம் பஸ் இருக்கும் என்று இரண்டையும் சொல்வார்.