வானியல் ஆர்வலர் குழு நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1890இல் பிரிட்டிஷ் வானியல் சங்கம் தொடங்கப்பட்டபோது ராயல் வானியல் கழகம் என்ற பெரிய அமைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் சந்தா பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகள் சாதாரண ஆர்வலர்களின் தலைக்கு மேலே போயின. பெண்கள் முழு உறுப்பினராக இடமே இல்லை. அங்கே 1916இல்தான் அவர்களுக்குக் கதவு திறந்தது. இந்த மூன்று குறைகளைச் சுட்டிக்காட்டித்தான் புதுச் சங்கம் வேண்டுமென்ற பேச்சு எழுந்தது. இன்றைய சின்னஞ்சிறு குழுக்களும் இதே இடங்களில்தான் தடுக்கி விழுகின்றன. காசு போதவில்லை என்று சொல்லும் குழுவின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், ஒருமுறை வந்து மறுமுறை வராதவர்களின் பெயர்கள்தான் வரிசையாக இருக்கும்.

தலை எண்ணிச் சந்தா வைப்பது முதல் தவறு. ஆண்டுச் செலவு 1,200 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். உறுப்பினர் 40 பேர், ஆளுக்கு 30 என்று நிர்ணயிக்கிறார்கள். அடுத்த ஆண்டு 28 பேர் மட்டும் புதுப்பித்தால் வரவு 840தான், 360 துண்டு விழும். உடனே சந்தாவை ஏற்றுவார்கள். ஏற்றிய சந்தா புதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும், அடுத்த ஆண்டு துண்டு இன்னும் பெரிதாகும்.

கட்டாயச் செலவுகள், அதாவது இடவாடகை, காப்பீடு, பராமரிப்பு எல்லாம், நிச்சயம் புதுப்பிக்கக்கூடிய அந்த 28 பேரின் சந்தாவுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் முதலில் செலவைக் குறையுங்கள். புதியவர் தரும் பணத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதை நம்பாமல் குழு ஓடினால்தான் முதல் மூன்று வருகைகளை இலவசமாக்கவும், முதலாண்டுச் சந்தாவைப் பாதியாக்கவும் துணிவு வரும். சந்தா ஆண்டு சேர்ந்த நாளிலிருந்து தொடங்கட்டும். எல்லாருக்கும் ஒரே மாதம் என்று வைத்தால், பத்தாம் மாதம் சேர்ந்தவர் இரண்டே மாதத்தில் மறுபடி பணம் கட்ட நேரும், அவர் கட்டமாட்டார். கட்ட முடியாதவருக்குச் சலுகை தருவதென்றால், அந்த வேண்டுகோளைக் கேட்டுக்கொள்ள ஒரே ஒரு பொறுப்பாளர் போதும். சான்று கேட்காதீர்கள்.

ஒரே புரவலரை நம்புவதும் ஆபத்துதான். மொத்த வரவில் கால்பங்குக்கு மேல் ஒருவரிடமிருந்து வருகிறதென்றால், அவர் விலகும் நாளில் குழு தள்ளாடும். அதுவரை எந்தக் கோளைப் பார்ப்பது என்பதைக்கூட அவரே தீர்மானிப்பார். ஆறு மாதக் கட்டாயச் செலவு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு எல்லார் கண்ணிலும் பட வேண்டும். பொருளாளர் நேர்மையானவராக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. சந்தேகம் வந்தபின் செய்தால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

பணம் சற்றுச் சேர்ந்ததும் வரும் ஆசை, பெரிய தொலைநோக்கி. தரையில் வைத்துக் கையால் திருப்பும் டாப்சோனியன் வகையில், 16 அங்குல ஆடியுள்ளது 8 அங்குலத்தைப் போல நான்கு மடங்கு ஒளியைத் திரட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தூக்கி நிறுத்த இரண்டு மூன்று பேரும் பெரிய வண்டியும் வேண்டும், பூட்டிவைக்க அறையும் வேண்டும். கொஞ்ச நாளில் அது அறையைவிட்டு வெளியே வருவதே அரிதாகிவிடும், வாடகை மட்டும் மாதாமாதம் போகும். 8 அங்குலம் ஏறக்குறைய 20 கிலோ; குழாய் ஒரு நடை, அடிப்பாகம் ஒரு நடை என்று ஒருவரே கொண்டுபோய்விடலாம். அதே பணத்தில் சிறியவை இரண்டு மூன்று வாங்கினால் புதியவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். எதை வாங்கினாலும் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கிவையுங்கள். ஆடியின் அலுமினியப் பூச்சு மங்கும், கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸ் தொலையும், குறிபார்க்க உதவும் சிறு தேடுநோக்கி உடையும்.

இரவல் தரும்போது கெடு நான்கு வாரமாக இருப்பது நல்லது. நிலவின் சுற்று 29.5 நாள் என்பதால் அந்தக் காலத்துக்குள் நிலவொளி இரவுகளும் இருட்டு இரவுகளும் கிடைக்கும். மேகம் மறைக்கும் நாள்களைக் கழித்தால் ஒரு வாரக் கெடு வெறும் ஏமாற்றம்தான். 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸும் ஒரு பக்கக் குறிப்பும் கூடவே போகட்டும். 1,200 மி.மீ. குவியத்தூரமுள்ள, அதாவது ஆடி ஒளியைக் குவிக்கும் தூரம் அவ்வளவு உள்ள கருவியில் அவை 48 மடங்கும் 120 மடங்கும் உருப்பெருக்கம் தரும். தொடக்கத்துக்கு அது தாராளம்.

மிகப் பெரிய சேதம் நடப்பது பார்வை இரவில். அனுபவசாலிகள் அமாவாசையைத்தான் விரும்புவார்கள். கூட்டங்களும் அன்றே அமைந்துவிடும். புதியவர் முன்பின் தெரியாத இருட்டில் காரை நிறுத்துகிறார், முகப்பு விளக்கு எரிகிறது, நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் அதட்டுகின்றன. அவர் இனி வருவாரா? கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கலைத்துவிடும் என்பதை முந்தைய நாளே செய்தியாக அனுப்பியிருக்கலாம். நுழைவாயிலில் சிவப்பு விளக்கோடு ஒருவர் நின்று பெயர் கேட்டு வரவேற்க வேண்டும். அன்றிரவு அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

புதியவருக்கான கூட்டத்தை வளர்பிறை ஏழாம், எட்டாம் நாளில் வையுங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நிழல் நீண்டு விழுவதால் நிலவின் பள்ளங்கள் செதுக்கியதுபோல் எழும்பி நிற்கும். பௌர்ணமியில் எல்லாம் தட்டையாகிவிடும். வியாழனோ சனியோ வானில் இருந்தால் அடுத்தது அவைதான். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைக் காட்டுவதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: படத்தில் பார்த்த நிறம் இதில் தெரியாது, மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடுவதில்லை, சாம்பல் திட்டுதான் தெரியும், ஆனால் அந்த ஒளி சுமார் 25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. இதைச் சொல்லாவிட்டால் ஏமாற்றம், சொன்னால் வியப்பு.

வரிசையில் நிற்பவருக்கு நேரும் இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. தானே பின்தொடராத கருவியில் 100 மடங்கில் அரைப் பாகை அகலமே தெரியும் என்றால், நடுவில் நிறுத்திய கோள் ஒரே நிமிடத்தில் விளிம்பைத் தாண்டிவிடும். மூன்றாவது ஆள் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு, கூச்சத்தில் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். 50 மடங்கில் வையுங்கள், இரண்டு பேருக்கு ஒருமுறை சரிபாருங்கள், என்ன தெரிகிறது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். குவியத் திருகை அவரே திருப்பலாம் என்றும் சொல்ல வேண்டும். தொட்டால் கெட்டுவிடுமோ என்று பலர் மங்கலாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பகலில் சூரியனைக் காட்டுவதென்றால் வடிகட்டி குழாயின் முன்வாயில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் பழைய வகை, வெப்பத்தில் விரிசல் விட்டுக் கண்ணைப் பறித்துவிடும். அது கையிலிருந்தால் எறிந்துவிடுங்கள். தேடுநோக்கியைக் கழற்றிவிடுங்கள் அல்லது மூடிவையுங்கள்.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்ற கேள்வி நூறாவது முறையாக வந்தாலும், கேட்பவருக்கு அது முதல்முறை. பெட்டியில் 500 மடங்கு என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினால் சிரிக்காதீர்கள். முகப்பு வில்லை அல்லது ஆடியின் விட்டத்தில் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2 மடங்குதான் உச்சம், 60 மி.மீ. கருவிக்கு 120 என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நன்கொடைப் பெட்டியை வரிசையருகே வைத்தால் கட்டணம் போலத் தோன்றும், வெளியேறும் வழியில் வையுங்கள். மறுநாளே ஒரு குறுஞ்செய்தி போகட்டும்: நேற்று நீங்கள் பார்த்தவற்றின் பெயர்கள் இவை, அடுத்த கூட்டம் இந்தத் தேதியில், அன்று சிவப்பு விளக்கோடு வாசலில் நிற்பவரின் பெயர் இது.