முல்லைத்தீவில் ஒரு மாலைப் படநடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பற்றரியை சார்ஜ் பண்ணுங்கள், மெமரி கார்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கமராவோடு நடந்து படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் விடுகிற பிழைகள் வேறு.

கடற்கரையில் சூரியன் மறையும் என்று காத்திருப்பது

பார்த்தாலே எரிச்சல் வரும். முல்லைத்தீவுக் கடல் ஊருக்குக் கிழக்கே. பொழுதுபடுவது முதுகுப் பக்கம், நந்திக்கடல் களப்புக்கு மேலே. அலையைப் பார்த்து ட்ரைபொட்டை நட்டுவிட்டு நிற்பார்கள். பின்னால் வானம் சிவந்ததும் அவசர அவசரமாகக் களப்பைக் கடக்கிற வட்டுவாகல் பாலத்துக்கு மோட்டார் சைக்கிளை விடுவார்கள். பாலத்தடிக்குப் போக முதலே சூரியன் போய்விடும். அதற்குப் பிறகு வெளிச்சம் நிற்பது இருபது நிமிடம் அளவில்தான். கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அந்தப் பயணமே நட்டம்.

வரிசையை மாற்றுங்கள். நவம்பரில் 5:45 அளவில் பொழுதுபடும், யூலையில் 6:30 அளவில். அதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பே கடற்கரையில் நில்லுங்கள். சூரியன் பின்னால் நிற்பதால் பைபர் வள்ளங்களின் நிறமும் வலை திருத்துகிறவர்களின் முகமும் நன்றாக விழும். உங்கள் நிழல் படத்துக்குள் நீளாதபடி கொஞ்சம் பக்கவாட்டாக நில்லுங்கள். அரை மணித்தியாலம் மிச்சமிருக்க வட்டுவாகல். பழைய பாலம் ஒடுங்கலானது, அதில் ட்ரைபொட் வைக்க வேண்டாம். சூரியன் இறங்கியதும் ஊருக்குத் திரும்பினால், வானம் நீலமாக இருக்கும்போதே கடை லைற்றுகள் எரியும். கடைத்தெருப் படத்துக்கு அதுதான் நேரம்.

எக்ஸ்போஷரைக் கமராவிடம் விடுவது

களப்பும் கரையும் இருட்டு, வானம் வெளிச்சம். கமரா இருட்டைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, கூட்ட, சிவப்பெல்லாம் வெளுத்துவிடும். ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து எடுங்கள். இருண்ட பகுதியைப் பிறகு எடிட்டில் வெளிச்சமாக்கலாம், வெளுத்த வானம் திரும்பாது. போனில் வானத்தை அழுத்திப் பிடித்து, எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டுக் கீழே இழுங்கள்.

இருட்டியதும் ஐஎஸ்ஓவுக்குப் பயப்படுவது

நடக்கிற ஆளை 1/15 செக்கனில் எடுத்தால் கலங்கும். ஷட்டர் 1/125 செக்கன், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 வையுங்கள். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி விழும்; கலங்கிய படத்தைவிட அது பரவாயில்லை.

கடற்கரையில் லென்ஸ் மாற்றுவது

வேண்டாம். உப்புக் காற்று, மணல்.

இராணுவ முகாம், காவலரண்

கமராவைத் திருப்பவே வேண்டாம்.

அனுமதியில்லாமல் ட்ரோன்

சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இருந்தால் மட்டும்.

முள்ளிவாய்க்காலில் முகங்களைத் தேடுவது

2009 இல் ஆட்களை இழந்தவர்கள் வந்து அழுகிற இடம். தூர லென்ஸால் கண்ணீரைப் பிடிப்பது படப்பிடிப்பில் சேராது. கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எடுங்கள்.