பூங்கா கட்டக் காசு வரும், பராமரிக்க? நாம் விடும் தவறுகள்

மட்டக்களப்பில் ஒரு சிறுவர் பூங்கா கட்டுவதென்றால் காசு எங்கிருந்தாவது வந்துவிடும். அமைச்சு தரும், தொண்டு நிறுவனம் தரும், லண்டனில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்புவார். கல்வெட்டில் பெயர் போடலாம் அல்லவா? புல் வெட்டுவது, குழாய் திருத்துவது, காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் மீண்டெழும் செலவு, அதாவது வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் செலவு. அதற்கு யாரும் நாடா வெட்ட வருவதில்லை. அடுத்த வருடச் செலவை யார் பார்ப்பது என்று கேட்காமலே அன்பளிப்பை வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

வாங்குமுன் நீர்ப் பட்டியல், மின் பட்டியல், ஆள் கூலி, திருத்த வேலை என்று மாநகர சபை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கொழும்பில் போட்ட கணக்கு இங்கே சரிவராது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் கல்லடியில் இரும்பு ஊஞ்சல் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாரி மழைக்குத் தண்ணீர் தேங்கி மைதானம் சேறாகும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் புல் கருகும். வர்ணம் பூசுவதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளினால் கடைசியில் ஊஞ்சலையே மாற்ற வேண்டி வரும். நன்கொடை தருபவரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம்: மூன்று வருடத் திருத்தக் காசையும் சேர்த்துத் தாருங்கள், முடியாவிட்டால் ஊஞ்சலைக் குறைத்துக் கட்டுவோம்.

நுழைவுக் கட்டணம் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ரிக்கெட் கொடுக்க ஓர் ஆள், அவருக்கு ஒரு சம்பளம், மழை மாதங்களில் வருமானமே இல்லை. மாலையில் காற்று வாங்கக் காந்திப் பூங்காவுக்கு வரும் கூலிக் குடும்பம் வாசலோடு திரும்பிவிடும். கடை வாடகை, மைதான வாடகை, வாகனத் தரிப்பிடம் இவற்றில் எடுப்பதே நல்லது. ஆனால் அந்த வருமானம் சபையின் பொதுக் கணக்கில் கலந்தால் பூங்காவுக்குத் திரும்புமா என்பது சந்தேகம். பாதீட்டில் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு வேண்டும். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், விளையாட்டுக் கழகங்கள் அதற்கு முன்பே போய்க் கேட்க வேண்டும். சித்திரை விளையாட்டு விழா நெருங்கும்போது போனால் ஒதுக்கீடு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

சிரமதானம் நல்லதுதான், குப்பை அள்ள. வெல்டிங் வேலைக்கும் மின் இணைப்புக்கும் அது உதவாது. படம் முகநூலில் ஏறும், அடுத்த மாதம் புல் பழையபடி முழங்கால் உயரம்.

அப்புறம் சோலை வரி, வீடு வளவுக்காகச் சபைக்குக் கட்டும் வரி. பூங்கா பாழ் என்று குறை சொல்லிக்கொண்டே நிலுவை வைத்திருப்பவர்கள் நம்மில் இல்லையா? முழு வருடத்துக்கும் உரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவும் உண்டு. கட்டப் போகும்போது, போன வருடம் பூங்காக்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்றும் கேளுங்கள். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம்.