தீபாவளிக்கு நம்ம புள்ளைங்களும் சிரிக்கணும்னா இதுகளச் செய்யாதீங்க

கூட்டத்துல புள்ள மிரளும், கைய விட்றாதீங்கங்கிற மாதிரி விசயமெல்லாம் உங்களுக்கே தெரியும், அத நான் சொல்லப் போறதில்ல. இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்கள்ல ஆட்டிசம் உள்ள புள்ளைங்களோட வேல செய்யிறேன், புதுசா இதுக்குள்ள வர்ற அம்மா அப்பாமார், புதுசா சேர்ற டீச்சர்மாரும் கூட, வருசா வருசம் நாங்க ஆரம்பத்துல தடுக்கி விழுந்த அதே இடத்துலதான் விழுறாங்க.

"பழகிரும்"னு வெடிச் சத்தத்துக்குள்ள தள்ளுறது

இதுக்குத்தான் எனக்கு இன்னும் கோவம் வருது. ஒரு வீட்டுல கொழும்புல இருந்து மாமா லீவுக்கு வந்திருந்தார். அஞ்சு வயசுப் பையன் காதப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில கிடந்தான். மாமா அவனத் தூக்கிட்டு வந்து வாசல் இஸ்தோப்புல நிப்பாட்டி, ரெண்டு கையையும் காதுல இருந்து எடுத்துப் பிடிச்சுக்கிட்டார், ஆம்பளப் புள்ள, பயம் தெளியட்டும்னு. சரவெடி முடியிற வரைக்கும் விடல. பாசத்துலதான் செஞ்சார், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதுக்குப் பிறகு புள்ளைக்கு ராத்திரித் தூக்கம் போச்சு, நின்னு போயிருந்த படுக்கைய நனைக்கிறது திரும்ப வந்துருச்சு, அடுத்த வருசம் அப்பாயி முறுக்குச் சுட எண்ணெய் வச்ச உடனேயே அலறுனான், அந்த வாசம் வந்தா அடுத்தது வெடின்னு அவன் மனசுல பதிஞ்சிருச்சு. ஒரு சத்தத்துக்கு இருந்த பயம் முழுத் தீபாவளிக்கும் பரவிருச்சு, அந்த வீட்டுல யாருமே அன்னைக்கு நிம்மதியாச் சாப்பிடல.

புள்ள அடம் பிடிக்கல, அதுக்கு உண்மையிலயே தாங்க முடியல. ஆட்டிசத்த அடையாளம் காண டொக்டர்மார் பாவிக்கிற டிஎஸ்எம்-5ங்கிற கையேடு 2013ல வந்தப்ப, சத்தம் வெளிச்சம் தொடுகைய அளவுக்கு மிஞ்சி உணர்றதையும் ரொம்பக் குறைவா உணர்றதையும் ஒரு அறிகுறியாவே சேர்த்தாங்க. எந்தப் புள்ளையா இருந்தாலும் திடீர்ச் சத்தம் 120 டெசிபலத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது, பெரியவங்களுக்கு 140, பக்கத்துல வெடிக்கிற பெரிய வெடி அதையே தாண்டலாம். நம்ம ஊர்ல வேற மலைக்கு மலை எதிரொலிக்கும், சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னே தெரியாது, வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்து வீடுகள்ல அடுத்த காம்பராவுக்கும் நமக்கும் ஒரே சுவர், மேல தகரம், ஐப்பசி மழை ராத்திரி பூரா அதுல கொட்டுனதுல புள்ள விடியும்போதே களைச்சுப் போயிருக்கும்.

பழக்கலாம், ஆனா நிப்பாட்டுற உரிமை புள்ள கையில இருக்கணும். ஒரு மாசம் முன்னாடியே போன்ல வெடிச் சத்தத்த ரொம்பக் குறைச்சு வச்சு, அதையே பட்டன அமத்த விடுங்க. சத்தம் குறைக்கிற காது மூடி வாங்குறதா இருந்தா அதையும் முன்னாடியே விளையாட்டா மாட்டிப் பழக்குங்க, அன்னைக்குத்தான் மொதல்ல மாட்டுனா கழட்டி வீசிரும். லயத்துப் பொடியன்மார்கிட்ட போய்ப் பேசுங்க, தம்பி, இத்தன மணிக்குள்ள கொளுத்தி முடிச்சிருங்க, பத்த வைக்க முன்னாடி ஒரு குரல் குடுங்கன்னு. நான் கேட்ட எந்த லயத்துலயும் முடியாதுன்னு சொன்னதில்ல, காரணம் சொன்னா அவங்களே மத்தவங்கள அதட்டி நிறுத்துறாங்க.

புதுச் சட்டை

ரெண்டு மூணு தடவ துவைச்சு, கழுத்து லேபல வெட்டிட்டு, முந்தின வாரமே போட்டுப் பாருங்க. பட்டும் சரிகையும் போட்டோவுக்கு நல்லாருக்கும், புள்ளைக்கு உடம்பு பூரா குத்தும். பழைய பெனியன உள்ள போட்டு மேல புதுச போட்டாலும் சரிதான்.

விடியக்காலை எண்ணெய்க் குளியல்

இந்தக் குளிர்ல நாலு மணிக்கு எழுப்பாதீங்க. வெயில் வந்த பிறகு குளிச்சாலும் தீபாவளிதான்.

சொந்தக்காரங்க

முத்தம் கேக்காதீங்க. தூக்காதீங்க.

பூசை முடியிற வரைக்கும் பிடிச்சு வைக்கிறது

மணி, தப்பு மேளம், ஸ்பீக்கர், சாம்பிராணிப் புகை எல்லாம் ஒண்ணா வந்தா நமக்கே தல சுத்தும். முந்தின நாள் ஆளில்லாத நேரம் கூட்டிட்டுப் போய்க் கோவிலச் சுத்திக் காட்டுங்க. பூசாரிகிட்ட சொல்லி வச்சா திருநீற நெத்தியில பூசாம கையில குடுப்பார். "போவோம்"னு சொல்ல ஒரு சைகை பழக்கிக் குடுத்து, புள்ள அதக் காட்டுன உடனே கிளம்புங்க, தீபாராதனை நடந்துக்கிட்டிருந்தாலும் சரி. ஒரு தடவ கண்டுக்காம விட்டா அடுத்த தடவ சைகை இருக்காது, நேரா கத்தல்தான்.

மாசியில தோட்டத்துல ஆடுற காமன் கூத்துக்கும் இப்படித்தான், வீரபத்திரன் வேசம் கட்டுற அண்ணனப் பகல்லயே போய்ப் பாத்துட்டு வாங்க, சாயம் பூசும்போது பக்கத்துல உக்காந்து பாக்க விட்டா இன்னும் நல்லது.