ஊட்டிக் குளிரும் கைக்குழந்தையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தும்போதே சிலர் குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, கையுறை, சாக்ஸ் எல்லாவற்றையும் மாட்டிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. கண்ணாடி ஏற்றிய காருக்குள், மலை ஏறி முடிக்கும்வரை குழந்தைக்கு வேர்க்கும். முதுகுப் பக்கம் பனியன் நனைந்திருப்பது வெளியே தெரியாது. ஊட்டியில் இறங்கியதும் அந்த ஈரத்தின் மேல் காற்று படும். ஈரத் துணி உடம்புச் சூட்டைச் சட்டென்று இழுத்துவிடும். காரில் ஒரு பருத்திச் சட்டை, மேலே மெல்லிய ஸ்வெட்டர் போதும். மற்றதெல்லாம் பையில் மேலாக இருக்கட்டும், கதவைத் திறக்கும் முன் போட்டுக்கொள்ளலாம்.

எத்தனை துணி போடுவது? நீங்கள் போட்டிருப்பதைவிட ஒன்று கூடுதலாக. தடிமனான ஒரே உடுப்பைவிட மெல்லியதாக இரண்டு மூன்று நல்லது, தேவைக்கேற்பக் கழற்றலாம். ஊட்டியில் இது ரொம்ப முக்கியம். ஜனவரி விடியற்காலையில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும். அன்றைக்கே மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் போட்டதை மதியமும் போட்டே வைத்திருந்தால் குழந்தை சிணுங்கத்தான் செய்யும்.

"கை சில்லென்று இருக்கிறது, இன்னொரு ஸ்வெட்டர் போடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கையையும் காலையும் தொட்டு முடிவு செய்யாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கை கால் கொஞ்சம் குளிர்ந்திருப்பது இயல்புதான். சட்டைக்குள் விரலை விட்டு மார்பையோ பிடரியையோ தொடுங்கள். கதகதப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் சரி. பிசுபிசுத்தால் ஒன்றைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தால் உடனே சூடான இடத்துக்குப் போங்கள். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு அப்படிச் சரியாக நடுங்கத் தெரியாது. அதனால் நடுங்கவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கார் பயணத்தில் குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காரவே வேண்டாம். பின்சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கைதான் பாதுகாப்பு. புசுபுசுவென்ற கோட்டோடு அதில் உட்கார வைத்துப் பெல்ட் போடுவதும் தவறு. வண்டி மோதினால் கோட்டுக்குள் இருக்கும் பஞ்சு அமுங்கி, பெல்ட் தளர்ந்துபோகும். கோட்டைக் கழற்றிவிட்டு, தோளருகே பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வராத அளவுக்கு இறுக்கி, அப்புறம் அதன் மேல் போர்வையைப் போடுங்கள்.

தோளில் போட்டுத் தூங்க வைக்கும்போது முகத்தை மூடிச் சால்வை போர்த்துவது நம் வழக்கம். மூச்சுக்கு இடமில்லாமல் போகும். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும், தாடை மார்பில் ஒட்டக் கூடாது. தள்ளுவண்டி என்றால் அதன் மேல் கம்பளியைப் போட்டு மூடாதீர்கள். அறைக்குள் வந்ததும் குல்லாவைக் கழற்றிவிடுங்கள், குல்லாவோடு தூங்க வைக்க வேண்டாம். நனைந்த டயபரையும் உடனே மாற்றிவிடுங்கள்.

கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயதுக்குள் தடவவே கூடாது. சூடு கொடுக்கும் என்று ஒரு சொட்டு பிராந்தி புகட்டும் பழக்கமும் ஆபத்து. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், அதுவே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அறையிலோ கூடாரத்திலோ குளிருக்குக் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணம் கிடையாது. புகையே இல்லாமல் கங்காக இருக்கும்போதும் அது வரும். விழித்தெழ முடியாமலே உயிர் போய்விடும். விடுதிக்காரர் கொண்டுவந்து வைத்தாலும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். கூடுதல் கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தை பால் குடிக்க மறுத்து, துவண்டு, வயிறும் சில்லென்று இருந்தால் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஈரத் துணியைக் கழற்றி, குழந்தையை வெறும் உடம்போடு உங்கள் மார்பில் அணைத்து, முகத்தை மட்டும் மூடாமல் மேலே போர்த்திச் சூடேற்றுங்கள். சுடுதண்ணீர் பாட்டிலை உடம்பில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல், அப்படியே அணைத்தபடி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.