விபிஎன் போட்டால் நெட் தகராறு செய்கிறதா? ரவுட்டரை ரீசெட் செய்துவிடாதீர்கள்

விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி) இணைந்துவிட்டதாகச் செயலி சொல்கிறது, ஆனால் அலுவலக சர்வர் திறக்கவில்லை. உடனே ரவுட்டரின் ரீசெட் பொத்தானை அழுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. இணைய நிறுவனம் தந்த பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, இருந்த இணைப்பும் போய்விடலாம். கோளாறு எங்கே என்று காட்டும் தடயமும் மிஞ்சாது.

முதலில் ஐபி முகவரியைப் பாருங்கள். ஏராளமான வீட்டு ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத்தான் தருகின்றன. அலுவலகத்திலும் அதே வரிசை இருந்தால் மோதல்தான். 192.168.1.20 என்ற சர்வரைக் கேட்கும்போது, அது வீட்டுக்குள்ளேயே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொண்டு அங்கேயே தேடும். கோரிக்கை விபிஎன் வழியாகப் போகாது. ரவுட்டரின் லேன் முகவரியை (வீட்டு நெட்வொர்க்குக்குள் ரவுட்டருக்கு உள்ள முகவரி) 192.168.73.1 போல அதிகம் புழங்காத ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடும். அப்புறம் எல்லாக் கருவிகளையும் துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால் அதையும் மாற்ற மறக்காதீர்கள்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன என்றால், வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்கு மாறாதீர்கள். அது பெரும்பாலும் எம்டியு சிக்கல், அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவுப் பொட்டலத்தின் (பாக்கெட்) உச்ச அளவில் வரும் சிக்கல். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் வழக்கமாக 1492தான். விபிஎன் தன் பங்குக்கு மேலும் சில பைட்டுகளைச் சேர்க்கிறது. விபிஎன் அமைப்பில் எம்டியுவை 1400 ஆக்கிப் பாருங்கள், பிறகு படிப்படியாகக் குறையுங்கள். 1280க்குக் கீழே மட்டும் போக வேண்டாம். ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6க்கு அதுதான் குறைந்தபட்சம்.

ஃபயர்வாலை முழுக்க அணைத்துச் சோதிப்பதும் வேண்டாத வேலை. ஐபிசெக் என்ற வகை விபிஎன்னுக்குப் பொதுவாகத் தேவைப்படுபவை யுடிபி 500, 4500 போர்ட்டுகள் (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்கள்). அவை தடைபடுகின்றனவா என்று பார்த்தால் போதும். ரவுட்டரில் ஒரு விபிஎன், கணினியில் இன்னொன்று என்று இரண்டும் ஓடினால் ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

வீட்டிலேயே விபிஎன் சர்வர் வைத்திருப்பவர்கள் போர்ட் ஃபார்வர்டிங்கோடு (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) மல்லுக்கட்டும் முன் ரவுட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரியை, பார்க்க வேண்டும். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்று பொருள். உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் வெளியிலிருந்து ஐபியின் பழைய பதிப்பான ஐபிவி4 வழியாக நேரடியாக உள்ளே வர முடியாது. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேளுங்கள், இல்லையென்றால் ஐபிவி6 கிடைக்கிறதா என்று பாருங்கள்.